கணக்கில் வராத குழந்தைகள்

நம் கிராமப் பஞ்சாயத்துக்களில் கணக்கு வைப்பதற்குக் குறைவில்லை. ஊரில் தெருவிளக்கு எத்தனை, கைப்பம்பு எத்தனை, மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், வீட்டு வரி பாக்கி யார் யாரிடம் நிற்கிறது என்று கேட்டால், செயலர் பதிவேட்டைப் புரட்டி உடனே விடை கூறிவிடுவார். கால்நடைகளுக்குக்கூட ஐந்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுப்பு உண்டு. கறவை மாடு இத்தனை, வெள்ளாடு இத்தனை என்று வீடு வீடாக எண்ணி எழுதிப் போகிறார்கள். ஆனால், “உங்கள் ஊரில் பார்வை குறைந்த குழந்தைகள் எத்தனை பேர்? காது கேளாத குழந்தைகள் எத்தனை பேர்? நடக்க இயலாமல் வீட்டிற்குள்ளேயே இருக்கும் குழந்தைகள் எத்தனை பேர்?” என்று கேட்டுப் பாருங்கள். திட்டமான விடை பல ஊர்களில் கிடைப்பதில்லை. “மேலத் தெருவில் ஒரு பிள்ளை இருக்கிறது, காலனியில் ஒன்று இருப்பதாகக் கேள்வி” என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடுகிறது.

கணக்கில் வராத குழந்தைக்குப் பள்ளியில் இடமில்லை. மருத்துவமனையில் சீட்டு இல்லை. அரசு ஒதுக்கும் தொகையில் பங்கும் இல்லை. ஆதலின் உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உடைய குழந்தைகளின் உரிமைகளைப் பற்றிப் பேசப் புகும்போது, முதலில் அவர்களைக் கண்டுபிடித்து எழுதிக்கொள்வது குறித்தே நாம் பேச வேண்டியிருக்கிறது.

இது நமது வேலையா?

“இது பெற்றோர் பாடு, அல்லது அரசாங்க ஆஸ்பத்திரியின் பாடு. பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை?” என்று சில உறுப்பினர்கள் எண்ணக்கூடும். அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, பஞ்சாயத்துக்களுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்கள் பதினோராவது அட்டவணையில் வரிசைப்படுத்தப்பட்டன. சாலை, குடிநீர், சிறுபாசனம் ஆகியவற்றை நாம் யாவரும் அறிவோம். அதே பட்டியலில் 17-ஆவதாகத் தொடக்கக் கல்வியும் உயர்நிலைக் கல்வியும் உள்ளன. 25-ஆவதாகப் பெண்கள், குழந்தைகள் மேம்பாடு உள்ளது. 26-ஆவதாக, உடற்குறையுற்றோர், மனவளர்ச்சி குன்றியோர் ஆகியோரின் நலனை உள்ளிட்ட சமூக நலம் உள்ளது. சாக்கடை கட்டுவது எவ்வாறு பஞ்சாயத்தின் பொருளோ, அவ்வாறே இக்குழந்தைகளின் நலனும் பஞ்சாயத்தின் பொருளேயாம்.

உலக நாடுகள் 1989-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் குழந்தைகளின் உரிமைகள் குறித்த உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் ஏற்றுக்கொண்டன. நம் நாடு 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. அதன் 23-ஆவது பிரிவு, உடற்குறையோ மனக்குறையோ உடைய குழந்தை கண்ணியத்துடன் முழு வாழ்வு வாழவும், சமூகத்தில் தானும் ஒருவனாகப் பங்குகொள்ளவும் உரிமை உடையது என்று உரைக்கிறது. பின்னர் நமது நாடாளுமன்றம் 1995-ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தையும், அதற்கு மாற்றாக 2016-ஆம் ஆண்டில் விரிவான மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் இயற்றியது. முதற்சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆட்டிசம், தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு, இரத்த நோயான தலசீமியா முதலியன இவ்வாறு புதிதாகச் சேர்ந்தவை. முன்பு ஒரு முறை சென்று, “உன் பிள்ளைக்கு இதில் இடமில்லை” என்று கேட்டுத் திரும்பிய பெற்றோர் நம் ஊரில் இருந்தால், அவர்களை மறுபடியும் அனுப்பிவைப்பது நலம்.

தருமம் வேறு, உரிமை வேறு. திருவிழா நாளில் ஒரு வேளைச் சோறும் ஒரு வேட்டியும் கொடுத்துவிட்டு, ஊர் தன் கடமை முடிந்ததாக எண்ணிவிடுகிறது. கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது தருமம். மனம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் கிடைத்தே தீர வேண்டியது உரிமை. நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

கேட்கும் முறையில் இருக்கிறது விடை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் 2.68 கோடிப் பேரும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.79 லட்சம் பேரும் குறைபாடுடையோராகப் பதிவாயினர். தமிழ்நாட்டுக் கணக்கின்படி பார்த்தால், மூவாயிரம் பேர் வாழும் ஒரு பஞ்சாயத்தில் குழந்தைகளும் பெரியோருமாக ஏறத்தாழ ஐம்பது பேர் இருத்தல் வேண்டும். ஆனால் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெப் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு, உலகில் ஏறத்தாழ 24 கோடிக் குழந்தைகள், அதாவது பத்தில் ஒரு குழந்தை, ஏதேனும் ஒரு வகைக் குறைபாட்டுடன் வாழ்வதாகக் கூறுகிறது. இரண்டு கணக்குக்கும் இடையே இத்தனை தொலைவு ஏன்?

கேள்வி கேட்கும் முறையே இதற்குப் பெரியதொரு காரணம். வாசலில் நின்று, “உங்கள் வீட்டில் ஊனமுற்றோர் யாரேனும் உண்டா?” என்று உரத்த குரலில் கேட்டால், எந்தத் தாய் “ஆம்” என்பாள்? மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், இளைய பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவே மாட்டார்கள். மறைக்க எண்ணாத பெற்றோருக்கும் தம் குழந்தைக்குள்ளது குறைபாடென்று தெரியாமலிருப்பதுண்டு. “கொஞ்சம் மந்தம்” என்பார்கள். “சொன்ன பேச்சுக் கேட்கமாட்டான்” என்பார்கள். சொன்ன பேச்சுக் கேளாத அப்பிள்ளைக்கு உண்மையிலேயே காது கேளாமலிருக்கும்!

ஆகவே அறிஞர்கள் இப்பொழுது வேறு வகையில் கேட்கிறார்கள். குறைபாட்டின் பெயரைச் சொல்லாமல், குழந்தை செய்யும் செயலைக் குறித்துக் கேட்பது அம்முறை. “கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமப்படுகிறானா? மெல்லிய ஓசை அவனுக்குக் கேட்கிறதா? அவன் வயதுப் பிள்ளைகளைப் போல் நடக்கிறானா? அவன் பேசுவது வீட்டாருக்குப் புரிகிறதா, வெளியாருக்குப் புரிகிறதா? தானே உண்டு உடுத்திக்கொள்கிறானா? புதிதாக ஒன்றைக் கற்றால் நினைவில் வைத்துக்கொள்கிறானா? மற்றப் பிள்ளைகளோடு விளையாடுகிறானா?” இவ்வாறு ஏழெட்டுக் கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் “சிரமமில்லை, சிறிது சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது” என்ற நான்கில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதில் வெட்கப்படுவதற்கு எதுவும் இல்லையாதலால், தாய்மார்கள் மனந்திறந்து விடையிறுக்கிறார்கள்.

இக்கேள்விகளைக் கேட்கத் தக்கவர் யார்? கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் வீட்டின் அடுக்களை வரை செல்லக்கூடியவர்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் அவர்களோடு ஒரு முறை சென்று வந்தால், ஒரு வாரத்திற்குள் ஊர் முழுவதற்கும் ஒரு பதிவேடு ஆயத்தமாகிவிடும். தோட்டத்து வீடுகளையும், செங்கற்சூளையில் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களையும், ஆடு மேய்க்க இடம் பெயரும் குடும்பங்களையும் விட்டுவிடலாகாது. மிகுதியும் விடுபட்டுப் போகிறவை அவையே. பள்ளிச் சிறாரைப் பொறுத்தவரை, ஐந்தாண்டுக்கு ஒரு முறை இத்தகைய கணக்கெடுப்பு நடைபெற வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே கூறுகிறது. பள்ளிக்கே வராத குழந்தையைப் பள்ளியில் எண்ண இயலாதன்றோ? ஆகையால் ஊர்க் கணக்கு தனியே வேண்டும்.

பெயரெழுதும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நம் ஊர்களில் இவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தே அழைத்துப் பழகிவிட்டோம். குழந்தையின் சொந்தப் பெயர் பக்கத்து வீட்டாருக்கே தெரியாது. பதிவேட்டில் மட்டுமன்றிப் பேச்சிலும் பெற்றோர் இட்ட பெயரே வழங்க வேண்டும். பலர் காணக் கூடியிருக்கும் இடத்தில் ஒருவரை அவருடைய குறையைச் சொல்லி வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பது நம்மில் பலர் அறியாதது.

பருவம் தவறினால்

நாற்றங்காலில் நாற்று முற்றிவிட்டால் பின்பு நட்டுப் பயனில்லை என்பது உழவர்கள் அறிந்த உண்மை. குழந்தையின் மூளையும் கண்ணும் காதும் வளர்வதற்கும் அவ்வாறே ஒரு பருவம் உண்டு. பிறந்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள் செய்யத்தக்க சிகிச்சைகளை அதன்பின் எவ்வளவு செலவிட்டுச் செய்தாலும் பாதிப் பயன்தான்.

வளைந்த பாதத்துடன் பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். முன்னாளில் இது வாழ்நாள் முழுவதும் நொண்டி நடக்கச் செய்யும் குறையாக இருந்தது. அமெரிக்காவில் மருத்துவர் பொன்செட்டி வகுத்த முறையில், பிறந்த சில வாரங்களிலேயே பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடுகிறார்கள். வாரம் ஒரு கட்டாக ஐந்தாறு கட்டுகள் மாற்றினால் பாதம் நேராகிவிடும். பலருக்குக் குதிகால் நரம்பில் ஒரு சிறு கீறல் தேவைப்படும். அதன்பின் நான்கு வயது வரை இரவில் தனி வகைக் காலணி அணிவிக்க வேண்டும். இக்கடைசிப் பகுதியில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். பாதம் நேராகிவிட்டதே என்று காலணியை விட்டுவிட்டால், மறுபடியும் வளைந்துவிடும். காலணியை விடாமல் அணிவிக்குமாறு பெற்றோருக்கு நினைவூட்டுவதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. அக்கறையுள்ள வார்டு உறுப்பினர் ஒருவர் போதும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இந்த அதிர்ஷ்டத்தை நாம் நம்பலாகாது. கண் திரும்பியிருக்கும் குழந்தையின் மூளை, இரண்டு உருவங்கள் தோன்றும் குழப்பத்தைத் தவிர்க்க, அக்கண்ணிலிருந்து வரும் காட்சியை ஒதுக்கிவிடுகிறது. நாளடைவில் கண் நன்றாக இருந்தும் பார்வை மழுங்கிவிடும். ஏழெட்டு வயதிற்கு முன் கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணைச் சிறிது நேரம் மறைத்துப் பழக்கியும், வேண்டுமாயின் அறுவைச் சிகிச்சை செய்தும் பார்வையை மீட்க முடியும். அதன்பின் மீட்பது கடினம்.

காது கேளாமையும் அத்தகையதே. பேசாத குழந்தையைப் பார்த்து, “ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான், அவன் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்” என்று பாட்டி தேற்றுவாள். பாட்டியின் அன்பைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்த இரண்டாண்டு போனது போனதுதான். பின்னால் நின்று கைதட்டினால் ஆறு மாதத்திலும் திரும்பாத குழந்தையை உடனே காதுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். செவியில் பொருத்தும் கருவி பயன்படாத குழந்தைகளுக்குக் ‘காக்ளியர்’ என்னும் கருவியை அறுவைச் சிகிச்சையால் உட்செவியில் பொருத்துகிறார்கள். சில லட்சம் ரூபாய் செலவாகும் இச்சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு வயதுக் குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டு வந்துள்ளது. கருவியைப் பொருத்தினால் மட்டும் பேச்சு வந்துவிடாது. அதன்பின் ஓராண்டுக்குக் குறையாமல் பேச்சுப் பயிற்சி வேண்டும்.

பொதுவாகத் தாய்மார் நினைவில் வைக்கத்தக்க குறிகள் சில உண்டு. இரண்டாம் மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான்காம் மாதத்திற்குள் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாதத்திற்குள் பிடிப்பின்றி உட்கார வேண்டும். ஒன்றரை வயதிற்குள் நடக்க வேண்டும். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். இவற்றில் தாமதம் கண்டால் காத்திராமல் காட்டிவிடுவது நல்லது. 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தின்படி, மருத்துவர் அடங்கிய நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கும். குறை கண்டால் மாவட்டத் தலைநகரிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பிவைக்கும். குழு வரும் நாளை முன்னரே அறிந்து தண்டோராப் போட்டோ, ஒலிபெருக்கி வைத்தோ தெரிவிப்பது பஞ்சாயத்தின் கையில் இருக்கிறது. அன்று நடவு நாளாக இருந்தால், தேதியை மாற்றித் தருமாறு கேட்கவும் தயங்க வேண்டியதில்லை.

வருமுன் காத்தல் பற்றியும் ஓரிரு சொற்கள். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகள் முன்பு ஊருக்கு ஊர் இருந்தனர். நம் நாட்டில் அந்நோய்க்கு ஆளான கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27-இல் இந்தியா அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பெற்றது. சொட்டு மருந்தும் விடாமுயற்சியும் செய்த வேலை இது. கருவுற்ற தொடக்கத்தில் தாய்க்கு ரூபெல்லா அம்மை கண்டால், பிறக்கும் குழந்தைக்குக் கண்ணிலும் காதிலும் இதயத்திலும் குறை நேரிடலாம். இதற்கும் தடுப்பூசி உண்டு. போலிக் அமில மாத்திரை முதுகுத்தண்டுக் குறையைப் பெரிதும் தடுக்கிறது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நடக்கும் மணம், அத்தை மகன், மாமன் மகள் மணம் ஆகியவற்றில் பிறவிக் குறைபாடுகள் ஏற்படும் வாய்ப்பு மிகுதி என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் இவற்றையெல்லாம் எடுத்துரைக்கும்போது, பிறந்துவிட்ட குழந்தையின் தாயைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. ‘நீ செய்த பாவம்’ என்ற ஒரு சொல், அவள் அக்குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் வலிமையையே பறித்துவிடும்.

பள்ளியின் வாசல்

ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்பது 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். நாற்பது சதவீதத்திற்குக் குறையாத குறைபாடுடைய குழந்தைகளுக்கு இந்த உரிமை 18 வயது வரை நீள்கிறது. அருகிலுள்ள பொதுப் பள்ளியிலோ, சிறப்புப் பள்ளியிலோ, எதில் சேர்வது என்று தெரிந்தெடுக்கும் உரிமை குழந்தையைச் சேர்ந்தது, தலைமையாசிரியரைச் சேர்ந்ததன்று. “இந்தப் பிள்ளைக்கு டவுனில் தனிப் பள்ளி இருக்கிறதே, அங்கே சேருங்கள்” என்று திருப்பி அனுப்புவது சட்டத்திற்கு முரண். படுக்கையிலேயே இருக்க வேண்டிய நிலையிலுள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமை 2012-ஆம் ஆண்டின் திருத்தத்தால் கிடைத்தது. வட்டார வள மையத்திலுள்ள சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் இதற்கென உள்ளவர்களே. அவர்கள் நம் ஊருக்கு எந்தெந்த நாளில் வருகிறார்கள் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு கேட்டுக் குறித்துவைத்தல் வேண்டும்.

எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளியிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. பிறவியிலேயே காது கேளாத குழந்தை, சைகை மொழி அறிந்தவர் ஒருவரும் இல்லாத வகுப்பில் ஆண்டுக்கணக்கில் மௌனமாக உட்கார்ந்திருப்பது கல்வி ஆகாது. அத்தகையோருக்குப் பாளையங்கோட்டை முதலிய ஊர்களில் நீண்ட காலமாக நடந்துவரும் பள்ளிகள் ஏற்றவை. ஆனால் கால் நடக்காத குழந்தைக்கும் ஒரு கண் தெரியாத குழந்தைக்கும் உள்ளூர்ப் பள்ளியை விட்டு ஐம்பது மைல் செல்ல வேண்டிய தேவை எதுவுமில்லை. அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் பள்ளியின் படிகளே.

இவ்விடத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களிடம் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம். ஏனெனில் கட்டடம் நம் கையில் உள்ள பொருள். இப்பொழுது கட்டப்படும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பெரும்பாலும் சாய்தளம் அமைத்துவிடுகிறார்கள். ஆயின் அவற்றில் பல, படிக்கட்டை மண்போட்டு மூடியதைப் போலச் செங்குத்தாக நிற்கின்றன. சக்கர நாற்காலியை அதில் தள்ளிச் செல்ல இருவர் வேண்டும். இறங்கும்போதோ குழந்தை முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். ஓரடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது அளவு. பள்ளியின் தரை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரமானால் சாய்தளம் பதினெட்டு அடி நீளம் இருத்தல் வேண்டும். இடமில்லையெனில் நேராகக் கட்டாமல் சுவரோரமாகத் திருப்பிக் கட்டலாம். திரும்பும் இடத்தில் ஐந்தடிச் சதுரமாகச் சமதளம் விட வேண்டும். அகலம் நான்கடி. இருபுறமும் கைப்பிடி. தளம் வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் வழங்குமுன் உறுப்பினர் ஒருவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு சென்று பார்த்துவிட்டால், பிறகு இடித்துக் கட்டும் செலவு மிச்சமாகும்.

கழிப்பறை இதைவிட முக்கியமானது. பெண் குழந்தைகள் பள்ளியை விட்டு நின்றுவிடுவதற்குக் கழிப்பறையும் ஒரு காரணம். கால் வழங்காத பெண் குழந்தைக்கு இது இரட்டைத் துன்பம். பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடுகிறாள். கதவு மூன்றடி அகலமாக இருந்து, வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உட்புறம் திறந்தால் நாற்காலியுடன் சென்றவள் கதவைச் சாத்த இயலாது. ஒரு மேற்கத்திய இருக்கையும் பக்கச் சுவரில் ஒரு குழாய்க் கைப்பிடியும் போதுமானவை. இதற்காகும் செலவு ஒரு வரவேற்பு வளைவிற்கு ஆகும் செலவைவிடக் குறைவே.

தேர்வுக் காலத்தில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் பெற இவர்களுக்கு வழியுண்டு. விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும்.

கட்டிவைத்தல்

சொல்வதற்கு நா கூசும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வீட்டுத் தூணில் கட்டிவைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களைக் கொடியவர் என்று கூறிவிடுவது எளிது. கூலி வேலைக்குச் சென்றால்தான் அன்றைய உலை கொதிக்கும். பிள்ளையோ கிணற்றுப் பக்கமும் சாலைப் பக்கமும் ஓடுகிறது. வைத்துப் பார்க்க ஆளில்லை. வேறு வழி காட்டாமல் கயிற்றை மட்டும் அவிழ்க்கச் சொன்னால் அவர்கள் என் செய்வார்கள்?

ஆனால் கட்டிவைப்பதன் விளைவு யாதென்பதை இந்நாடு கண்டிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், மனநோயாளர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்து, தப்பியோட வழியின்றி 28 பேர் இறந்தனர். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடுத்துள்ளது.

வழி காட்டுவது ஊராரின் வேலை. அங்கன்வாடியில் இக்குழந்தைகளைக் கண்டறிந்து மற்றவரோடு சேர்த்துக்கொள்வதற்கான நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. ஆறு வயது வரை இது உதவும். அதற்கு மேற்பட்டோருக்கு, பயன்படாமல் கிடக்கும் ஒரு பொதுக் கட்டடமும், பயிற்சி பெற்ற ஒரு பெண்மணியும், இரண்டொரு சுய உதவிக் குழுக்களின் ஒத்துழைப்பும் இருந்தால், பகல் நேரக் காப்பகம் ஒன்று நடத்தலாகாதா? தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியை இங்கே குறிப்பிடுவது தகும். கடற்படைத் தேர்வின்போது 1975-இல் கழுத்தெலும்பில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தம் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு உலக ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. சிறிய அளவில் தொடங்கிய அந்நிறுவனம் இன்று சுற்றுப்புறக் கிராமங்களில் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி, சிறு குழந்தைகளுக்குத் தாயின் மடியிலேயே பயிற்சி கொடுத்து வருகிறது. அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நகரத்தில்தான் இவையெல்லாம் நடக்கும் என்பார்க்கு ஆய்க்குடியே விடை.

வாய் பேச இயலாத குழந்தையும், நடந்ததைச் சொல்லத் தெரியாத குழந்தையும் தீயோர் கைக்கு எளிதில் அகப்படுகின்றனர். குழந்தையின் குறைபாட்டைப் பயன்படுத்திப் பாலியல் கொடுமை இழைப்பதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடும் தண்டனைக்குரிய குற்றமாக வகுத்துள்ளது. இத்தகைய செய்தி காதில் விழுந்தால் ஊர்ப் பஞ்சாயத்துப் பேசித் தீர்த்துவைப்பது உதவி ஆகாது. அது குற்றத்தை மறைத்தலாகும். 1098 என்ற எண்ணிற்கோ காவல் நிலையத்திற்கோ தெரிவித்தாக வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரைத் தலைவராகக் கொண்ட கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இதற்காகவே ஏற்பட்டது. பல ஊர்களில் அது தாளில் மட்டும் கூடுகிறது.

சான்றும் உதவித் தொகையும்

எந்த உதவிக்கும் முதற்படி மருத்துவக் குழு வழங்கும் சான்றும் தனித்துவ அடையாள அட்டையுமாம். இவற்றைப் பெறுவதற்காக ஒரு தாய் பதினைந்து கிலோப் பிள்ளையைத் தோளில் சுமந்து, இரண்டு பேருந்து மாறி மூன்று முறை அலைகிறாள். மூன்றாம் முறை, “நிழற்படம் சரியில்லை” என்ற பதில் கிடைக்கிறது. ஊரிலுள்ள பத்துப் பேருக்கும் தாள்களைச் செயலரே முன்கூட்டிச் சரிபார்த்து, முகாம் நாளன்று ஒரே வண்டியில் அனுப்பிவைத்தால் இந்த அலைச்சல் தீரும். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் அறிவுசார் குறைபாடுடையோருக்கும் மாநில அரசு வழங்கும் மாதாந்தரப் பராமரிப்புத் தொகை, 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும், வேளாண்மை நிலமும் வீடும் ஒதுக்குவதிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு இவர்களுக்கு என்று சட்டத்தின் 37-ஆவது பிரிவு கூறுகிறது. பயனாளிப் பட்டியல் கிராம சபையில் படிக்கப்படும்போது, அந்த ஐந்து பங்கு எங்கே என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுவதாக ஏற்பாடு. மாற்றுத்திறனாளி ஒருவரை ஒவ்வொரு ஊராட்சியிலும் உறுப்பினராக நியமிக்க வகை செய்யும் திருத்தத்தையும் சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. அவரைப் பேசவிட்டுக் கேட்க வேண்டியது மற்ற உறுப்பினர்களின் பொறுப்பு.

இறுதியாக, நிலமுடைய விவசாயிகள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “நாங்கள் இருக்கும்வரை பார்த்துக்கொள்வோம், எங்களுக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு யார்? இரண்டு ஏக்கர் எழுதிவைத்தால் பங்காளிகள் விடுவார்களா?” என்பார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோருக்காக 1999-ஆம் ஆண்டில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பியதும், பெற்றோராயினும் சட்டப்படியான காப்பாளராகத் தாமே தொடர இயலாது. மாவட்ட ஆட்சியரின் தலைமையிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். நியமிக்கப்பட்ட காப்பாளர் ஆறு மாதத்திற்குள் பிள்ளையின் அசையாச் சொத்துக்களின் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பின்னர் ஆண்டுதோறும், நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்திற்குள் வரவு செலவுக் கணக்கையும் காட்ட வேண்டும். அவர் பிள்ளையைக் கவனியாமல் விட்டாலோ சொத்தை வீணடித்தாலோ, உறவினர் எவரும் குழுவிடம் முறையிட்டு அவரை நீக்கக் கோரலாம். விண்ணப்பப் படிவம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும்.